மாலை மாமாவுக்கு, ஓட்டம் யாருக்கு?

ஆற்றுக்குத் தெற்கே ஆச்சாக்காடு என்று ஒரு காடு. அங்கே முயல்களுக்குப் பஞ்சமே கிடையாது. எந்தப் புதரை உலுக்கினாலும் நாலு முயல் ஓடும். உலுக்காவிட்டால் எட்டு முயல் எட்டிப் பார்க்கும். "எங்களை எண்ணி முடிக்க எவனாலும் முடியாது!" என்று அவை பெருமை பேசும்.

ஆற்றின் நடுவே கோரைத்திட்டு என்று ஒரு சின்ன மேடு. அங்கே இருந்த முயல்கள் எல்லாம் கூடி நின்றாலும் ஒரு காரைப் புதருக்குள் அடங்கிவிடும்.

ஆனால் மழை ஓய்ந்ததும் மணல்வெளியில் சுற்று ஊர்கள் சேர்ந்து ஆண்டுதோறும் நடத்தும் ஓட்டத்தில் ஜெயிப்பது கோரைத்திட்டுதான். கடைசியாக வருவது ஆச்சாக்காடு.

வெறும் விளையாட்டாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். கோடையில் காடெல்லாம் காய்ந்த பிறகு, ஆற்றங்கரையில் மட்டும்தான் பச்சைப் புல் இருக்கும். ஓட்டத்தில் முதலில் வந்த ஊர் முதலில் மேயும். கடைசியில் வந்த ஊர் கடைசியில் மேயும். ஆச்சாக்காட்டு முயல்கள் கரைக்குப் போகும்போது புல் இருக்காது, வேர்தான் இருக்கும்.

காட்டின் ஓரத்தில் முள்ளுக்கரை என்ற எளிய குடியில் சாமை என்ற இளம் பெண் முயல் இருந்தாள். எதற்கும் இரண்டு தரம் யோசிக்கிறவள். வளையை விட்டு வெளியே வந்தாலும், "மூடியை மூடினேனா?" என்று திரும்பிப் போய்ப் பார்க்கிறவள். அவளுக்கு இரண்டு தங்கைகள். போன கோடையில் புல் கிடைக்காமல் மரப்பட்டையை மென்று, இரண்டும் வயிற்று வலியில் சுருண்டு கிடந்தன. அதிலிருந்து ஓட்டம் என்றாலே சாமைக்கு நெஞ்சு படபடக்கும்.

அந்த வருஷமும் ஓட்டம் பார்க்கப் போனாள். ஆச்சாக்காட்டின் சார்பில், அங்குள்ள குடிகளில் ஒன்றான வேங்கைக்குடியின் பெரியவர் ஓட வந்தார். நடந்து வரவில்லை. காட்டெருமையின் முதுகில் ஏறி வந்தார். கழுத்தில் மாலை, தலையில் இலைப் பரிவட்டம். மாலை போட்ட நாளிலிருந்து அவர் பாதம் தரையில் படக் கூடாது என்பது வழக்கம். தேன்கிழங்கு ஊட்டி ஊட்டி, வயிறு முன்னால் வந்திருந்தது.

நடுவர் ஒரு கொக்கு. ஒற்றைக் காலில் நின்றது. தூக்கிய கால் தரையில் பட்டால் ஓட வேண்டும். பட்டது. எல்லாரும் பறந்தார்கள். பெரியவர் பாதி தூரம் போனார். மாலை காலில் சிக்கியது. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் கூச்சலிட்டது.

"எதிர்க்காத்துப்பா!"

"மணல் சுடுது! சுட்டா எப்படி ஓடுவார்?"

"அந்தக் கொக்கு காலை வச்ச விதமே சரியில்லை!"

"தோத்தா என்ன? பார்க்க வந்த கூட்டத்தைப் பாரு! இதுல நம்மளை அடிச்சுக்க ஆள் உண்டா?"

சாமைக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீர் ஓரமாகப் போய் நின்றாள். அங்கே ஜெயித்த முயல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. கோரைத்திட்டைச் சேர்ந்த நாணல்.

"ஏன் தங்கச்சி, உங்க பெரியவருக்கு உடம்பு சரியில்லையா?" என்று நாணல் கேட்டான்.

"நல்லாத்தான் இருக்கார் அண்ணா. இந்த வருஷம் அவங்க குடிக்கு முறை."

"முறைன்னா?"

"ஓட்ட மரியாதைதான். ஒரு வருஷம் வேங்கைக்குடி, ஒரு வருஷம் மருதக்குடி. அந்தக் குடியில மூத்தவருக்கு மாலை போட்டு, பரிவட்டம் கட்டி..."

"அது சரி. உங்க காட்டுல வேகமா ஓடுறது யாரு?"

சாமை தன் காட்டுக் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டு அவள் கேட்டதில்லை.

"தெரியலையே அண்ணா."

நாணல் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவன் இரக்கத்தோடு பார்த்தான். "எங்க திட்டுல நாங்க இத்தனூண்டு பேர். எல்லாரும் ஓடிப் பார்ப்போம். யார் முந்துறாங்களோ அவங்க வருவாங்க. எங்களுக்கு வேற வழி இல்லை" என்றான்.

அந்தக் கோடையிலும் தங்கைகள் பட்டையைத்தான் மென்றன. "அக்கா, வலிக்குது" என்றது சின்னது. சாமை அதன் வயிற்றைத் தடவிக்கொண்டே அந்தக் கேள்வியை நினைத்தாள். வேகமா ஓடுறது யாரு?

மறு வருஷம் மழை தொடங்கியதும் ஊர்க்கூட்டம் கூடியது. நாட்டாமை ஒரு முள்ளம்பன்றி. கோபம் வந்தால் முள்ளை விரிப்பார். அதனால் யாரும் கிட்டே போக மாட்டார்கள். எது பேசினாலும் தூர நின்றுதான் பேசுவார்கள்.

"இந்த வருஷம் எங்க முறை!" என்றது மருதக்குடி.

"அதெப்படி? போன வருஷம் எங்க பெரியவர் பாதி தூரம்தானே ஓடினார்? அரை மரியாதைதான் ஆச்சு. மீதி அரை எங்களுக்கு வரணும்!" என்றது வேங்கைக்குடி.

"பாதியில உட்கார்ந்தது உங்க பெரியவர் இஷ்டம்!"

"மாலை கட்டினது உங்க ஆள்! நீளமாக் கட்டிக் கவுத்துட்டீங்க!"

பகல் முழுக்க இதே பேச்சு. நாட்டாமைக்கு முள் விரிந்தது. "போதும்! ரெண்டு பேருக்கும் கிடையாது. இந்த வருஷம் முள்ளுக்கரைக்குப் போகட்டும்!"

எல்லாரும் சிரித்தார்கள். முள்ளுக்கரைமேல் யாருக்குமே பொறாமை இல்லை. அதனால் சண்டை தீர்ந்தது.

முள்ளுக்கரையில் ஒரே கொண்டாட்டம். தலைமுறை தலைமுறையாகக் கிடைக்காத மாலை! அங்கே மூத்தவர் சாமையின் தாய்மாமன் கருவேலு. ஒரு காது கிழிந்தவர், மூட்டு வலிக்காரர். மாலை போடும் முன்பே கழுத்தை நீட்டிப் பழகிக்கொண்டிருந்தார்.

சாமை அவர் எதிரில் போய் நின்றாள். திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தாள். தங்கைகளின் வயிறு நினைவுக்கு வந்தது. போகவில்லை.

"மாமா, மாலை உங்களுக்கு. பரிவட்டமும் உங்களுக்கு. எருமைச் சவாரியும் உங்களுக்குத்தான். ஓட்டத்தை மட்டும் எனக்குக் குடுத்துடுங்க."

கருவேலு மாமா கிழிந்த காதைச் சொறிந்தார். "தேன்கிழங்கு?"

"அதுவும் உங்களுக்குத்தான்."

"அப்ப எனக்கு நஷ்டம் ஒண்ணுமே இல்லையேடி! எடுத்துக்கோ!"

மறுநாள் காலையிலேயே சாமை இளசுகளைக் கூப்பிட்டாள். எங்கே ஓடுவது? காட்டில் இருந்த வெட்டவெளியில் எல்லாம் மேடை போட்டிருந்தார்கள். மாலை போட ஒரு மேடை, வாழ்த்திப் பேச ஒரு மேடை, தோற்ற பிறகு ஆறுதல் சொல்ல ஒரு மேடை. கடைசியில் காட்டின் எல்லையில் வறண்டு கிடந்த ஓடைக்கரைதான் கிடைத்தது. மழை இன்னும் வலுக்கவில்லை. ஓடையில் மணல்தான் இருந்தது.

தாய் முயல்கள் பின்னாலேயே வந்துவிட்டன. சாமையின் அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஓடுறாளாம் ஓட்டம்! ஓடினா கால்தான் தேயும். கிழங்கு தோண்டக் கத்துக்கோ, காலத்துக்கும் சோறு!"

"கிழங்கு இருக்கிற வரைக்கும் சோறுதான். கோடையில கிழங்கு எங்கே இருக்கு அம்மா?" என்றாள் சாமை.

அம்மா சின்னதுகளைத் திரும்பிப் பார்த்தாள். மறுநாள் விடியும் முன் சாமையை எழுப்பிவிட்டதே அம்மாதான். "எழுந்திருடி. ஓடணும்னியே!"

நாள்தோறும் ஓடினார்கள். நாள்தோறும் சாமைதான் முதலில் வந்தாள். "சாமை வர்றா, வழி விடு!" என்று இளசுகள் கத்தும். அவளுக்கு அது பிடித்திருந்தது. முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு அந்தச் சத்தத்துக்காகவே காதைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். வேகமா ஓடுறது யாரு? நான்தான்!

அப்போதுதான் அதைப் பார்த்தாள்.

ஓடையின் அக்கரையில், ஆவாரம் புதர்களுக்கு இடையே, ஏதோ ஒன்று அவளோடு சேர்ந்து ஓடியது. ஒரு முயல். சாமை திருப்பத்தை நெருங்கும்போது, அது ஏற்கெனவே திருப்பத்தில் நின்று புல் கடித்துக்கொண்டிருந்தது.

'வெயில்ல கண்ணு கூசுது' என்று சாமை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாளும் பார்த்தாள். 'அந்தக் கரை கொஞ்சம் சமமா இருக்கும்போல' என்று சொல்லிக்கொண்டாள்.

அதற்கு அடுத்த நாள் உயிரைக் கொடுத்து ஓடினாள். நெஞ்சு வாய்க்கு வந்தது. அக்கரை முயல் அப்போதும் முன்னால்தான் போனது. மூச்சுகூட வாங்கவில்லை.

அன்று சாமைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அக்கரையில் இருந்தவை ஒரு பெருவெள்ளத்தில் அடித்துக்கொண்டு வந்து ஒதுங்கிய முயல்கள். அவற்றை எந்தக் குடியிலும் சேர்க்கவில்லை. ஊர்க்கூட்டத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். இக்கரைக்கு வந்தால் கத்தி விரட்டுவார்கள். விரட்டுவதில் முள்ளுக்கரைதான் முன்னால் நிற்கும். வேங்கைக்குடியும் மருதக்குடியும் தங்களைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி, தாங்கள் பார்த்துச் சிரிக்க முள்ளுக்கரைக்கும் ஓர் அக்கரை வேண்டியிருந்தது.

கண்ணை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. மாலை வந்த முதல் வருஷம். ஓடப்போகும் முதல் பெண். 'சாமை வர்றா, வழி விடு!' அந்தச் சத்தத்தை விட மனசு வரவில்லை.

ஆனால் நாணல் கேட்ட கேள்விக்கு இப்போது அவளுக்குப் பதில் தெரியும். தெரிந்ததுதான் தொல்லையாகப் போனது. தெரிந்த பிறகு தெரியாத மாதிரி இருந்தால், கோடையில் தங்கைகளின் முகத்தைப் பார்க்க முடியுமா?

மறுநாள் சாமை ஓடையைக் கடந்தாள். அக்கரை முயல் அவளைக் கண்டதும் பின்வாங்கியது.

"நான் உங்க கரைக்கு வரலைங்க! இந்தப் பக்கமேதான் ஓடினேன்!"

"விரட்ட வரலை. உன் பேர் என்ன?"

"நொச்சிங்க."

"எதுக்கு நொச்சி ஓடுறே?"

நொச்சி தலையைக் குனிந்தாள். "நீங்க எல்லாரும் ஓடுறதைப் பார்த்தா, என் காலு சும்மா இருக்க மாட்டேங்குது."

சாமைக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "வா, என்கூட ஓடு. பார்க்கலாம்."

ஓடினார்கள். நொச்சி ஜெயித்தாள். இன்னொரு தரம் ஓடினார்கள். நொச்சிதான் ஜெயித்தாள்.

"மணல்வெளியில ஆச்சாக்காட்டுக்கு நீதான் ஓடப்போறே" என்றாள் சாமை.

நொச்சி நம்பவில்லை. முள்ளுக்கரை கொதித்தது. பாதம் தரையில் படக் கூடாது என்பதையும் மறந்து, கருவேலு மாமா மாலையோடு குதித்துக்கொண்டு வந்தார்.

"நம்ம குடிக்கு முதல் தடவையா வந்த மாலைடி இது! அதைத் தூக்கி அக்கரைக்காரிக்குக் குடுக்கிறியா?"

"மாலை உங்க கழுத்துலதானே மாமா இருக்கு? நான் குடுத்தது ஓட்டத்தை."

மாமா குனிந்து பார்த்தார். மாலை இருந்தது. ஆனாலும் சமாதானம் ஆகவில்லை. "தோத்துட்டா?"

"தோத்தா என் பேரைச் சொல்லித் திட்டுங்க. ஜெயிச்சா அவ பேரைச் சொல்லுங்க."

சொல்லிவிட்டுச் சாமை ஓடைக்கரைக்கு நடந்தாள்.

அன்றிலிருந்து இருவரும் சேர்ந்தே ஓடினார்கள். நொச்சியிடம் ஒரு குறை இருந்தது. யாராவது சத்தம் போட்டால் உடனே திரும்பிப் பார்ப்பாள். திரும்பிய வேகத்தில் கால் தடுமாறும்.

"ஏன் திரும்புறே?"

"விரட்டிக்கிட்டு வர்றாங்களான்னு பார்க்கத்தான் அக்கா. பழகிப்போச்சு."

முள்ளுக்கரையின் மற்ற இளசுகள் இதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டன. விரட்டியது அவர்கள்தானே!

மழை ஓய்ந்தது. ஓட்ட நாள் வந்தது. மணல்வெளியில் கூட்டம் நெரிந்தது. வழக்கம்போல ஆச்சாக்காட்டுக் கூட்டம்தான் பெரிது.

கருவேலு மாமா காட்டெருமைமேல் வந்து இறங்கினார். நாலு பக்கமும் கும்பிட்டார். "இந்தக் கிழவனா ஓடப்போறான்!" என்று வேங்கைக்குடி சிரித்தது. மாமா நேராக ஒரு புதர் நிழலுக்குப் போய்க் காலை நீட்டி உட்கார்ந்தார்.

"நான் மரியாதை. ஓட்டம் அதோ நிக்குது!" என்று கோட்டைக் காட்டினார்.

கோட்டில் நொச்சி நின்றாள். கழுத்தில் ஒன்றும் இல்லை. கூட்டத்தில் சலசலப்பு.

"இது எந்தக் குடி?"

"குடியே இல்லாதது! வெள்ளத்துல வந்தது!"

கொக்கு நாட்டாமையைப் பார்த்தது. "ஐயா, இவ உங்க காட்டு முயல்தானா? அதை மட்டும் சொல்லுங்க. இல்லைன்னா ஓட விட மாட்டேன்."

நாட்டாமை முள்ளை விரித்தார், மடக்கினார், மறுபடி விரித்தார். இரண்டு குடிகளையும் மாறி மாறிப் பார்த்தார். காத்திருந்து அலுத்த கொக்கு நொச்சியை விலகச் சொல்லி இறக்கையை நீட்டியது.

கத்தலாமா வேண்டாமா என்று சாமை இரண்டு தரம் யோசித்தாள்.

புதர் நிழலில் இருந்து கருவேலு மாமா எழுந்தார். மூட்டு கடகடவென்றது.

"எங்க காட்டு முயல்தான்!" என்று கத்தினார். "ஓடையின் அக்கரையும் ஆச்சாக்காடுதான்! இந்த வருஷம் மரியாதை எனக்கு. மாலை போட்டவன் சொல்றேன், எழுதிக்கோ கொக்கு!"

மாலை போட்டவர் சொல்லை மறுப்பது வழக்கத்தில் இல்லை. நாட்டாமைக்கு அதுவே நிம்மதியாகப் போயிற்று. "ஆமா ஆமா, நம்ம முயல்தான்" என்றார்.

கொக்கு காலைத் தூக்கியது. மணல்வெளி அடங்கியது. கால் தரையில் பட்டது.

நாணல் அம்புபோலப் பாய்ந்தான். நொச்சி அவன் வாலை ஒட்டிப் போனாள். தூரத்தில் ஓர் ஒற்றைப் பனை. அதைச் சுற்றிக்கொண்டு திரும்பி வர வேண்டும். பனையை நெருங்கும்போது நொச்சி நாணலின் தோளுக்கு வந்துவிட்டாள்.

ஆச்சாக்காட்டுக் கூட்டம் தன் கண்ணையே நம்பவில்லை. பிறகு ஒரே குரலில் "ஓஓ!" என்று கத்தியது.

நொச்சி திரும்பிப் பார்த்தாள்.

கால் மணலில் புதைந்தது. உருண்டு எழுவதற்குள் நாணல் பனையைச் சுற்றி நாலு பாய்ச்சல் முன்னால் போய்விட்டான்.

"போச்சு!" என்றார் மாமா. சாமையின் கண்ணில் மரப்பட்டை மெல்லும் தங்கைகள் தெரிந்தன. இந்த முறை அவள் இரண்டு தரம் யோசிக்கவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓரத்துக்கு ஓடினாள்.

"நொச்சி! அது உன்னை விரட்டுற சத்தம் இல்லைடி! கூப்பிடுற சத்தம்! வாடி! உன்னைத்தான் கூப்பிடுறாங்க! வா!"

முள்ளுக்கரை இளசுகள் சேர்ந்துகொண்டன. "நொச்சி, வா!" சாமையின் அம்மா சேர்ந்துகொண்டாள். "நொச்சி, வா!" மருதக்குடியும் வேங்கைக்குடியும், சேரக் கூடாது என்று நினைத்துக்கொண்டே சேர்ந்துவிட்டன. எண்ண முடியாத அந்தக் கூட்டம் முதல்முறையாக ஒரே பெயரைக் கத்தியது. "நொச்சி, வா!"

நொச்சியின் காதுகள் நிமிர்ந்தன. அவளிடம் இதுவரை எந்தக் கூட்டமும் 'வா' என்று சொன்னதில்லை. 'போ' என்றுதான் சொல்லியிருக்கிறது. அவள் வந்தாள். மணல் பின்னால் புகையாகப் பறந்தது. நாலு பாய்ச்சல் மூன்றானது, இரண்டானது, ஒன்றானது. கோட்டைத் தாண்டும்போது கொக்கு கழுத்தைத் தாழ்த்திக் கூர்ந்து பார்த்தது.

"ஒரு காது நீளம் முன்னால்! ஆச்சாக்காடு!"

அதற்குப் பிறகு யார் என்ன பேசினார்கள் என்று யாருக்கும் கேட்கவில்லை. மணல்வெளியே குதித்தது. நாட்டாமை சந்தோஷத்தில் முள்ளை விரிக்க, பக்கத்தில் நின்றவர்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். கருவேலு மாமா மூட்டு வலியை மறந்து ஆடினார்.

கொஞ்சம் அடங்கியதும் பேச்சு மாறியது.

"அவ பாட்டி எங்க வேங்கைக்குடிப் பெண்ணாக்கும்!"

"யார் சொன்னா? எங்க மருத நிழல்ல வளர்ந்தவ அவ!"

காட்டெருமையைக் கூட்டி வந்தார்கள். "ஏறும்மா! இனிமே உன் பாதம் தரையில படக் கூடாது!"

நொச்சி பயந்துபோய்ச் சாமையின் பின்னால் ஒளிந்தாள். "வேண்டாங்க. தரையில பட்டாத்தாங்க எனக்கு ஓட வரும்."

நாணல் மூச்சு வாங்கிக்கொண்டே சாமையிடம் வந்தான். "என்ன தங்கச்சி, உங்க காட்டுல வேகமா ஓடுறது யாருன்னு இப்பத் தெரியுமா?"

"இன்னிக்குத் தெரியும் அண்ணா" என்றாள் சாமை. "நாங்க இன்னும் பாதிக் காட்டைக்கூடப் பார்க்கலை. அடுத்த வருஷம் மறுபடி தேடணும்."

நாணலின் முகத்தில் முதல்முறையாகக் கவலை தெரிந்தது. அத்தனை புதரையும் தேடினால் என்ன ஆகும் என்று அவன் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

அந்தக் கோடையில் ஆச்சாக்காடு முதலில் மேய்ந்தது. சாமையின் தங்கைகள் பச்சைப் புல்லில் காது மறைய நின்று தின்றன. பக்கத்திலேயே நொச்சியின் கூட்டமும் மேய்ந்தது, யாரும் விரட்டவில்லை. ஊருக்குள் இருந்த மேடைகளில் ஒன்றை மட்டும் கருவேலு மாமாவின் மாலைக்காக விட்டுவிட்டு, மற்றவற்றைப் பிரித்துப் போட்டார்கள். அந்த வெளியில் எல்லாக் குட்டிகளும் விழுந்து விழுந்து ஓடின. "பார்த்து ஓடு!" என்று தாய்கள் கத்தினார்களே தவிர, "ஓடாதே!" என்று ஒருத்தியும் கத்தவில்லை.

கூட்டம் பெரிதாக இருப்பதாலேயே ஒரு நாட்டுக்கு வெற்றி வந்துவிடாது. அந்தக் கூட்டத்தின் கடைசி மூலை வரை போய்த் திறமையைத் தேடி, 'வா' என்று அழைத்து ஓட இடம் கொடுக்கும் நாடே வெல்லும்.